கணியம்பாடிச் சாலையில் ஒரு மோட்டார் விசாரம்

வேலூர்க் கோட்டையைப் பின்னால் விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, பாகாயத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் கணியம்பாடி வந்துவிடுகிறது. திருவண்ணாமலைக்குப் போகும் இந்த ராஜபாட்டைக்கு இப்போது 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். இது தூத்துக்குடி வரையில் செல்கிறது. தென்மேற்கே ஜவ்வாது மலையின் நீல நிறச் சரிவுகள் தெரிகின்றன. அந்த மலையடிவாரத்து அமிர்தி வனத்தைக் காணப் போகிறவர்களும், அண்ணாமலையாரைத் தரிசிக்கப் போகிறவர்களும், வயலுக்குப் போகும் மாடுகளும் இந்தச் சாலையில் சரிநிகர் சமானமாகப் பங்கு கொள்கிறார்கள். மோட்டார் வாங்குவது, ஓட்டுவது, அலங்கரிப்பது ஆகிய மூன்றையும் பற்றி யோசிக்க இதைவிடத் தகுந்த இடம் ஏது?

இந்தப் பிரதேசத்துக்கும் மோட்டாருக்கும் பழைய சொந்தம் உண்டு. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒற்றை ஸிலிண்டர் பெஜோ வண்டி ஒன்றை வேலூரில் வைத்துக் கொண்டிருந்தார். மருந்துப் பெட்டியுடன் கிராமங்களுக்குச் சென்று, சாலையோரத்து மரத்தடியிலே வைத்தியம் செய்தார். அவர் 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி இன்று பாகாயத்தில் பெரிய கல்லூரியாக விளங்குகிறது. அதன் வைத்தியர்கள் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களுக்கு இன்றும் வண்டியில் போகிறார்கள். ஒற்றை ஸிலிண்டர் வண்டி இவ்வளவு காரியம் சாதித்திருக்க, நாம் குதிரை சக்தியைப் பற்றிப் பெருமை அடித்துக் கொள்வானேன்?

ஆகையால், வண்டி வாங்குகிறவர்கள் அண்டை வீட்டுக்காரரின் வாசலைப் பார்க்காமல் தங்கள் வீட்டுத் தேவையைப் பார்க்க வேண்டும் என்பது நமது முதல் அபிப்பிராயம். புது வண்டியானால், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் பரிசோதனையில் அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று முதலில் கேளுங்கள். பாட்டுப் பெட்டியைப் பற்றிப் பிறகு விசாரிக்கலாம். பழைய வண்டியானால், காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் வீணாகிறது. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்கலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். வண்டிக்காரர் வயதைக் குறைத்துச் சொல்லலாம், டயர் சொல்லாது!

ஓட்டுவதைப் பற்றி ஒரு கணக்கு. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக நின்ற வண்டி, 80-இல் அதே இடத்தில் நிற்காது. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் குறுக்கே ஓடும் கிராமத்துச் சாலையில் இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கு அல்ல, உயிர்க் கணக்கு.

மூன்றாவது, அலங்காரம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் உலகமறிந்தது. அந்தத் தோல் சீமையிலேயே ரெக்ஸினுக்குத் தோல் விலை கொடுப்பவர்களைக் கண்டால் சிரிப்பு வருகிறது. உண்மைத் தோலேயானாலும், ஆசனத்தின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள வண்டிக்குக் கனத்த உறை தைத்துப் போட்டால், ஆபத்து வேளையில் அந்தப் பை விரியத் தடையாகலாம். அழகுக்காக உயிரை ஈடு வைப்பதா? கண்ணாடி விஷயத்திலும் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: முன்னும் பின்னும் 70 சதவிகிதம், பக்கங்களில் 50 சதவிகிதம் ஒளி புக வேண்டும். கறுப்புக் காகிதம் ஒட்டுவதை 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தடை செய்தது. தயாரித்தவர்கள் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. முன்புறத்தில் இரும்புக் கம்பி பூட்டுவதையும் 2017-இல் மத்திய அரசாங்கம் தடுத்தது. அந்தக் கம்பி மோதலின் வேகத்தை நேரே சட்டத்துக்குள் செலுத்துகிறது. நடந்து போகிற ஏழைக்கோ அது எமன். சைக்கிளில் வருகிறவனும் இந்தச் சுதந்திர நாட்டின் பிரஜைதானே?

ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாட்டா மோட்டார் தொழிற்சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். பிரெஞ்சு தேசத்து வண்டியைக் கண்டு வியந்த பாலாற்றங்கரைக்கு இது பெருமையே. ஆனால் உயர்ந்த வண்டி செய்யும் தேசம் என்ற பெயரைத் தொழிலாளிகள் சம்பாதித்துத் தரலாம். உயர்ந்த முறையில் வண்டி ஓட்டும் தேசம் என்ற பெயரை நாம்தான் சம்பாதிக்க வேண்டும்.