மூன்று அச்சு வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் மேசைக்காக நீ திருத்தி எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ட்ரூயிட் கிளாஸ் வந்து சேர்ந்தது. நிதானமாகப் படித்தேன். மந்திரப் பட்டியலைச் சுருக்கிய விதம் அருமை, அதில் இனி கை வைக்காதே. உருமாறும் பகுதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. நிலம், நீர், வானம் என்று மூன்றே அச்சு வைத்து, உலகத்து விலங்கையெல்லாம் அதற்குள் திணித்துவிட்டாய். அது வேண்டாம்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று தெரியும். எல்லாம் அந்தக் கரடியால் வந்தது. 2014 விதிகளில் மூன் ட்ரூயிட் என்ற உட்பிரிவை எடுத்தவள் இரண்டாவது லெவலிலேயே பழுப்புக் கரடியாகலாம். கரடிக்கு 34 ஹிட் பாயிண்ட். அது தீர்ந்தால் சாவு இல்லை, பழைய உடம்பு திரும்பி வரும். அடுத்த சுற்றிலேயே இன்னொரு கரடி. சொந்த ஹிட் பாயிண்ட் 15 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 83. பக்கத்தில் கவசம் மாட்டிக்கொண்டு நிற்கும் ஃபைட்டருக்கு அதே லெவலில் 20 இருந்தால் பெரிது. ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் இரண்டு கரடியும் மறுபடி தயார். ஃபைட்டர் ஆடும் பையனின் முகம் சுண்டிப்போனதாக எழுதியிருந்தாய். அவன் வருத்தம் நியாயமானது. முன்னால் நின்று அடி வாங்குவதற்காகவே ஒரு பாத்திரத்தை எழுதிக்கொண்டு வந்தவன் அவன்.

ஆனால் குற்றம் கரடியிடம் இல்லை. 2014 விதி எழுதியிருப்பது உருமாற்றமே அல்ல, கூடு விட்டுக் கூடு பாய்தல். சித்தர் கதையில் சுந்தரநாதர் தன் உடம்பை ஓரிடத்தில் கிடத்திவிட்டு மூலனின் உடம்புக்குள் போன மாதிரி, ட்ரூயிட்டும் தன் உடம்பை ஓரமாக வைத்துவிட்டுக் கரடியின் உடம்பில் அடி வாங்குகிறாள். அந்த இரவல் உடம்பு இலவசமாகக் கிடைக்கிற வரைக்கும், கரடியை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் கணக்கு உதைக்கும்.

இது பழைய வியாதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974இல். ட்ரூயிட்டை ஆட்டக்காரர்கள் எடுத்து ஆட முடிந்தது 1976இல், எல்ட்ரிட்ச் விஸார்ட்ரி என்ற துணைநூல் வந்த பிறகு. 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஏழாவது லெவலில்தான் உருமாறலாம், அதுவும் ஒரு நாளைக்கு ஊர்வன ஒன்று, பறவை ஒன்று, பாலூட்டி ஒன்று. எனக்கு இன்றைக்கும் அந்தக் கட்டுப்பாடு பிடிக்கும். காலையில் பறவையைச் செலவழித்துவிட்டால் மாலையில் மதில் தாண்ட வேறு வழி யோசிக்க வேண்டும். 2003இல் வந்த 3.5 பதிப்பில் விலங்கின் பலமும் வேகமும் உடல்திறனும் ட்ரூயிட்டின் சொந்த எண்களை அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தன. நேச்சுரல் ஸ்பெல் என்ற ஃபீட் கையில் இருந்தால் கரடியாக இருந்தபடியே மந்திரமும் போடலாம். நோஞ்சானாக ஒரு ட்ரூயிட்டை எழுதி, புள்ளிகளையெல்லாம் விஸ்டமில் கொட்டினாலும் ஒரு குறையும் இல்லை. நான்காம் பதிப்பின் ட்ரூயிட் விதிகள் 2009இல் நேர் எதிராகப் போயின. விலங்கானாலும் எண்கள் மாறாது, ஓநாயா பன்றியா என்பது தோற்றத்தோடு சரி. சமநிலை வந்தது, விலங்காகும் ஆசை போனது.

நீ செய்திருப்பதை 2023 பிப்ரவரியில் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே செய்து பார்த்தது. புதிய விதிகளுக்கான சோதனைப் பிரதியில் நிலம், கடல், வானம் என்று மூன்று எண்பட்டியல் இருந்தன. ஆட்டக்காரர்கள் ஏற்கவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் அச்சுகளை விட்டுவிட்டு மறுபடி தனித்தனி விலங்குகளுக்கே வந்தார்கள்.

தனித்தனி விலங்கு ஏன் வேண்டும் என்பதற்கு ஓநாயை எடுத்துக்கொள். எதிரிக்கு ஐந்தடிக்குள் தன் கூட்டாளி ஒருவன் நின்றால் ஓநாய் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளும். கடிபட்டவன் நிலைதடுமாறி விழவும் கூடும். இந்த இரண்டு வரியைப் படித்த ஆட்டக்காரி தனியாக ஓட மாட்டாள், ஃபைட்டரின் பக்கத்திலேயே ஒட்டி நிற்பாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஓநாய் மாதிரி வேட்டையாடத் தொடங்கிவிடுவாள். ஃபைட்டருக்கும் அதில் லாபம்: கீழே விழுந்தவனை அவன் வெட்டுவது சுலபம். ராட்சதச் சிலந்தி கூரையில் தலைகீழாக நடக்கும். தன் வலையைத் தொட்டவன் எங்கே நிற்கிறான் என்பது அதற்குத் தெரிந்துவிடும். உன் நில அச்சில் இரண்டுக்கும் ஒரே கடி, ஒரே சேதம். அப்புறம் எதற்கு ஓநாய், எதற்குச் சிலந்தி?

வேல்ஸ் நாட்டுத் தாலியெசின் கதையை நினைத்துப் பார். சிறுவன் முயலாகி ஓட, மந்திரக்காரி கெரிட்வென் வேட்டைநாயாகித் துரத்துகிறாள். அவன் மீனானால் அவள் நீர்நாய். அவன் பறவையானால் அவள் வல்லூறு. கடைசியில் அவன் ஒரு தானியமணியாகக் கிடக்க, அவள் கோழியாகி அவனை விழுங்கிவிடுகிறாள். ஒவ்வொரு உருவமும் முந்தைய உருவத்துக்குச் சொன்ன பதில். உன் மேசையில் அந்தத் துரத்தல் நடக்க வேண்டும் என்றால் நாய்க்கும் நீர்நாய்க்கும் வேறு வேறு குணம் வேண்டும்.

அதனால் ஹிட் பாயிண்ட்டை வெட்டு, விலங்கை விட்டுவை. 2024 செப்டம்பரில் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இதைத்தான் செய்திருக்கிறது. உருமாறினாலும் சொந்த ஹிட் பாயிண்ட்தான். அதற்கு மேல் லெவல் எவ்வளவோ அவ்வளவு தற்காலிக ஹிட் பாயிண்ட், மூன் ட்ரூயிட்டுக்கு மட்டும் அதைப் போல மூன்று மடங்கு. மூன்றாவது லெவல் கரடிக்கு 9தான் கூடுதல். பழைய 34 எங்கே, இது எங்கே! இரண்டாவது லெவலில் நாலே உருவம் தெரிந்திருக்கும், நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். இந்த நாலு என்ற எண் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆட்டத்துக்கு நடுவில் மான்ஸ்டர் மேனுவலைப் புரட்டிக்கொண்டு மற்றவர்களைக் காக்கவைக்கும் தொல்லை அதோடு ஒழிகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் அட்டை, அதை ட்ரூயிட் ஆடுபவளே தன் கையால் எழுதட்டும்.

விலங்கு உருவில் பேசலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாய், அதை அடித்துவிடு. பூனையாகப் போய்ச் சதியை ஒட்டுக்கேட்டவள், திரும்பி வந்து நண்பர்களுக்கு எப்படிச் சொல்வாள்? மனித உருவுக்கு மாறினால், மறுபடி பூனையாக இன்னொரு வாய்ப்பைச் செலவிட வேண்டும். மாறாவிட்டால் தரையில் நகத்தால் கீறித்தான் காட்ட வேண்டும். மேசையில் எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்காரும் கட்டம் அது.

இன்னொரு யோசனை, இது என்னுடையது. லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் கெட் என்ற இளம் மந்திரவாதி பருந்தாகி வெகுதூரம் பறந்து, மனிதனாகவே திரும்ப முடியாத நிலையில் குருவிடம் வந்து சேர்கிறான். ட்ரூயிட்டின் லெவலில் பாதி எவ்வளவோ அவ்வளவு மணி நேரம்தான் விலங்காக இருக்கலாம் என்று விதி இருக்கிறதே, அதைத் தாண்டவும் அனுமதி கொடு. தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு விஸ்டம் சேவ் உருட்ட வேண்டும். தோற்றால் அந்த மணி நேரத்தில் விலங்கின் இஷ்டப்படி ஒரு காரியம் செய்தாக வேண்டும். என்ன காரியம் என்பதை நீ சொல்லாதே, அவளே சொல்லட்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், உருமாறும் பகுதி இருக்கும் மூன்றாம் பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பு. அதற்கும் முன்னால் ட்ரூயிட் ஆடுபவளிடம் எந்த நாலு விலங்கு வேண்டும் என்று கேள். கரடியை அவள் கேட்டால், மூன்றாவது லெவலில் தயங்காமல் கொடு.

அன்புடன்,
அக்கா