லைன் வீட்டுக்குள் ஒரு பயிற்சிக்கூடம்

மேகம் விலகும் நாட்களில், எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்கு மேலுள்ள திருப்பத்தில் நின்றால் கீழே நிலம்பூர்ச் சமவெளி விரிந்து கிடப்பது தெரியும். நாடு காணும் இடம், அதனால் எங்கள் ஊருக்கு நாடுகாணி என்று பெயர். ஜூன் பிறந்துவிட்டாலோ செப்டம்பர் முடியும்வரை எதிர்வீடே கண்ணுக்குத் தெரியாது. மழை விட்ட காலையிலும் நடக்கக் கிளம்ப முடியாது, தேயிலைக்குள் யானை நிற்கும். 2024 சனவரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு வெயில் ஏறாமல் யாரும் தனியாகப் பாதையில் இறங்குவதில்லை. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொல்கிறார். நல்ல யோசனைதான். எங்கே நடப்பது?

அதனால் வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்வது எங்களைப் போன்றவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. இதைச் சொன்னால் லைனில் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "காலமெல்லாம் மலையில வேலை செஞ்ச ஒடம்புக்கு இன்னும் என்ன பயிற்சி?" நானும் அறுபது வயதுவரை அப்படித்தான் நினைத்தேன்.

என் அம்மா இலங்கையில் கொழுந்துக் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நாங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இங்கே கூடை போய்ச் சாக்கு வந்தது, பாரம் அதேதான். அம்மாவின் முதுகு முன்னால் வளைந்தது வளைந்ததுதான், கடைசிவரை நிமிரவில்லை. பறிப்பு வேலை உடம்பை ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். கை முன்னால் போகும், கழுத்து குனியும், தோள் சுருங்கும். எதிர்ப்பக்கத்துத் தசைக்கு வேலையே இல்லை. உழைப்பு வேறு, பயிற்சி வேறு என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

தசையும் வயதோடு கரைகிறது. முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு குறையும், அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகம் என்கிறார்கள் மருத்துவர்கள். காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிய காலத்தில் தெரியாத இந்தக் கணக்கு, ஓய்வு பெற்ற மறு வருடமே தெரிந்துவிட்டது. திண்ணையிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பேரன் இதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு ஹோம் ஜிம் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரும்புச் சட்டம், கம்பிக்கயிறு, கப்பி, அடுக்கடுக்காக எடைத்தட்டு. ஆறடிக்கு நாலடி இடம் கேட்டது, உயரம் ஏழடி. எங்கள் அறையோ பத்துக்குப் பத்து. முன்பக்கம் சரிந்த கூரை. கட்டிலை அடுப்படிப் பக்கம் தள்ளித்தான் அதை நிறுத்தினோம். முதல் மழைக்காலத்திலேயே கப்பி துருப்பிடித்து இறுகியது. ரெக்சின் இருக்கையில் பச்சைப் பூசணம். கடைக்குப் போன் போட்டோம். துருவுக்கு கேரண்டி கிடையாது என்றார்கள். இரண்டாம் வருடம் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். பேரன் மனம் வருந்தியதுதான் எனக்கு வருத்தம். வீட்டை அளக்காமல் சரியென்று தலையாட்டியது நான்.

பொருளைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள். தரையில் படுத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, பிறகு தலைக்கு மேல் நீட்டி, எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பெரும்பாலும் ஆறடிக்கு ஏழடி வரும். அதுதான் உங்கள் பயிற்சிக்கூடம். எழுந்து நின்று கையை மேலே தூக்குங்கள். கூரையோ மின்விசிறியோ இடித்தால், தலைக்கு மேல் பளு தூக்குவதை உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். அடுத்து தரை. எங்கள் லைன் வீடுகளில் மண்ணின்மேல் மெல்லிசாகச் சிமெண்ட் பூசியிருக்கும். பளு கைதவறி விழுந்தால் தரை வெடிக்கும், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் குழந்தையும் எழுந்துவிடும். கனமான ரப்பர் பாய் ஒன்று கட்டாயம் வேண்டும். கதவுநிலையில் மாட்டித் தொங்கும் கம்பியை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை. கரையான் அரித்த நிலை எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது.

இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பழப்பெட்டியில் அடங்கிவிடும். மூன்று தடிமனில் ரப்பர் பட்டைகள், எடையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஜோடி டம்பெல், பாய். டம்பெல்லில் இரண்டு வகை கிடைக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்தது துருப்பிடிக்காது, ஆனால் பருமனாக இருக்கும், விழுந்தால் விரிசல் விட்டுத் தூள் கொட்டும். இரும்புத்தட்டு கைக்கு அடக்கம். எங்கள் ஊர் ஈரத்துக்கு அதன் திருகுமரையில் மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதும். நான் இரும்பையே வைத்திருக்கிறேன். ரப்பர் பட்டைக்கு வெயிலும் அடுப்புப் புகையும் ஆகாது. ஒவ்வொரு நாளும் இழுக்கும் முன் விரலால் தடவிப் பார்ப்பேன். சின்னக் கீறல் இருந்தாலும் அன்றே அதற்கு விடுதலை. அறுந்து முகத்தில் அடித்தால் கண் போய்விடும்.

ரப்பர் பட்டை நேற்று வந்த பொருள் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பலசாலி, கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர் கயிறுகளை நூறு வருடத்துக்கு முன்பே விற்றார். அந்தப் பெயர்தான் நம் கையில்லாத பனியனில் இருக்கிறது, தேவர் பிலிம்ஸ் சாண்டோ சின்னப்பா தேவரின் பட்டத்திலும் இருக்கிறது. கர்லாக்கட்டையோ நம்முடையதேதான். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவதற்குப் போட்டியே நடந்தது. எனக்கு அதில் தீராத ஆசை உண்டு. என் கூரை இடம் கொடுக்கவில்லை.

பயிற்சி என்று நான் சொல்வதில் முக்கால்வாசி என் வீட்டுக்காரம்மாவைப் பார்த்துக் கற்றது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், வலது தோளுக்கு மேலே கை தூக்க மாட்டாள். சன்னல் கம்பியில் மெல்லிய பட்டையைச் சுற்றி, எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன். "ஏங்க, இத்தினி வருஷம் இழுத்தது பத்தாதா?" என்றாள். முன்னால் போய்ப் பழகிய முழங்கைகள் பின்னால் வர மறுத்தன. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்வதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு முறை இழுத்தாள். கடைசி இரண்டில் கை நடுங்கியது. அந்த நடுக்கம்தான் அளவு. நடுங்காமல் பதினைந்து வந்தால் அடுத்த தடிமனுக்குப் போகலாம். தோளில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும், 65 வயதைத் தாண்டியவர்கள் உடம்பைத் தடுமாறாமல் நிறுத்தும் பயிற்சியை மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் செவ்வாய், வெள்ளி பட்டையும் டம்பெல்லும், மற்ற நாட்களில் சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி எழும்புவது என்று வைத்திருக்கிறோம். மாலை விளக்கு வைக்கும் முன், இருபது நிமிடம். நேரத்தை மாற்றுவதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கவே கூடாது. தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். நெஞ்சுவலியோ மூட்டு அறுவையோ இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

இதில் காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள் ஒன்று உண்டு. கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு அணைத்துப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுவரை ஆணுக்கு 12க்கும் பெண்ணுக்கு 11க்கும் கீழே போனால் கீழே விழும் ஆபத்து அதிகம். நான் தொடங்கியபோது 7. அவள் 6. இப்போது எனக்கு 13, அவளுக்கு 11.

தேவாலாவிலும் பாண்டியாரிலும் சேரம்பாடியிலும் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, பிள்ளைகள் மெஷின் வாங்கித் தருகிறேன் என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இன்று மாலை நாற்காலியைப் போட்டு எண்ணிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு.