மூன்றாவது மாதம்

பிரிவு உபசார விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்திய கணக்கு சார், "31 வருஷம் விசில் ஊதியே சம்பளம் வாங்கிட்டீங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னிடம் கடன் வாங்கிய பி.டி. பீரியடுகளை அவர் திருப்பித் தந்தால் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் மிச்சமிருக்கும்.

ஜூன் மாதம் 40 பையன்கள் ஓட வருவார்கள். ஆகஸ்ட் கடைசியில் 12 பேர் நிற்பார்கள். அந்த மூன்றாவது மாதத்தோடுதான் என் உத்தியோகம் முழுக்க மல்லுக்கட்டினேன். முதல் மாதம் ஆசை ஓட்டும். இரண்டாவது மாதம் மூச்சு பழகிய சந்தோஷம் ஓட்டும். மூன்றாவதில் நேரம் குறைய மறுக்கும். மூச்சு தேறிய வேகத்தில் எலும்பும் தசைநாரும் தேறாததால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். அந்த வலியோடு இருப்பவனிடம் மாநிலப் போட்டி என்று ஆசை காட்டினால் ஐந்தரை மணிக்கு எழுவானா? மெடலுக்காக வந்தவன், அது கிடைக்காது என்று தெரிந்த அன்று நின்றுவிடுவான். கிடைத்தவன் கிடைத்த அன்று நிற்பான்.

இதற்கு வழி சொன்னவர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் எங்கள் வாத்தியார். 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அது. நான் 800 மீட்டர்க்காரன். முதல் நாளே ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடி பார்த்து எழுதச் சொன்னார். மூன்று மாதம் ஸ்டாப்வாட்சைக் கண்ணிலேயே காட்டவில்லை. எனக்கு எரிச்சல். ஒருநாள் எழுத மறந்து, சாயங்காலம் யாரிடமோ பேனா வாங்கிக் குத்துமதிப்பாக 70 என்று போட்டேன்.

நோட்டைப் புரட்டியவர் அந்த வரியில் விரலை வைத்தார். "தினம் நீல மை. இது மட்டும் கறுப்பு. சாயங்காலம் போட்டியாடா?" திட்டவில்லை. கடைசிப் பக்கத்தில் '60 வயசு' என்று எழுதினார். "உன் ஃபினிஷ் லைன் இது. மத்ததெல்லாம் நடுவுல வர்ற லேப்."

ஜூனில் 74 இருந்த நாடி டிசம்பரில் 58. வருஷக் கணக்கில் தள்ளியிருக்கும் ஒன்றைத் தினமும் விரலால் தொட்டுப் பார்க்க எனக்கு அகப்பட்ட ஒரே வழி அதுதான். பிறகு என் பையன்களுக்கும் நோட்டுதான் முதலில், ஸ்ட்ரைட்ஸ், ஃபார்ட்லெக் மாதிரி ஓட்டப் பயிற்சியெல்லாம் அப்புறம். 12 பேர் 20 ஆனார்கள். அதற்கு மேல் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வரும் இளம் சார்களுக்குக் கைக்கடிகாரமே வாத்தியார். தினம் 10,000 அடி என்கிறார்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவிய எண் அது. பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிடம் உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவர்கள் காதில் விழாது. எங்கள் அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பீரியட். பரீட்சை வந்தால் அதுவும் கணக்குக்கு. சுண்ணாம்பு போட்டு நான் கோடு கிழித்த டிராக்கில் இன்று ஆசிரியர்களின் பைக் நிற்கிறது.

விழாவில் எனக்குக் கொடுத்த பரிசும் அப்படியொரு கடிகாரம்தான். டப்பாவைப் பிரிக்கவில்லை. இன்று காலை நாடி 62, நீல மை. வாத்தியார் எழுதிய வயசு வந்துவிட்டது. புது நோட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் 80 என்று போட்டிருக்கிறேன். கணக்கு சாரைச் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருக்கும் ஒரு நோட்டு வாங்கினேன். கொடுக்கத்தான் இன்னும் மனசு வரவில்லை.