ஓரிரு இடங்களில்

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது, இனி வெயில் இறங்கிவிடும் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. வெயிலுக்குக் காலண்டர் தெரியாது. ஜூன் முதல் வாரம்தான் காவிரி டெல்டாவில் யாருக்கும் பிடிகொடுக்காத வாரம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும் மேற்குக் காற்று காய்ந்துபோய்த்தான் வருகிறது. கடல்காற்றையும் சீக்கிரத்தில் உள்ளே விடுவதில்லை. அதனால் பகலெல்லாம் அனல். சாயங்காலம் கடல்காற்று எப்படியோ நுழைந்துவிட்டால், சில நாள் இடியும் மின்னலுமாக ஒரு மழை. காலையில் கருகும் ஊர், ராத்திரியில் நனையும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அந்த வாரம் ஒரே வீட்டில் இரண்டு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவருக்கு மழை வேண்டும். மனைவிக்கு வேண்டாம்.

கணவருக்கு ஒன்றரை ஏக்கர். குறுவைக்கு நாற்றங்கால் போட வேண்டிய நேரம். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அங்கே திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி வாய்க்காலுக்கு வர மேலும் சில நாட்கள் ஆகும். அதற்குள் நாற்று எழும்பியிருந்தால் நல்லது. ஒரு கோடைமழை பெய்தால் புழுதி நனையும்; பக்கத்துப் பம்புசெட்டுக்காரரிடம் கேட்டு நிற்கிற நேரம் குறையும்.

மனைவிக்குத் தொழில் வடாம். கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம், மோர்மிளகாய், கொத்தவரங்காய் வத்தல். பங்குனியில் ஆரம்பித்தால் ஆனி பிறக்கும்வரை அந்த மாடிதான் அவருக்கு ஆபீஸ். விடிவதற்கு முன்னே கூழ் கிண்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, சூடு ஆறுவதற்குள் வேட்டியில் அச்சுப் பிழிந்தாக வேண்டும். முதல் நாள் மேல்பக்கம் காயும். மறுநாள் உரித்துத் திருப்பிப் போட வேண்டும். மூன்றாம் நாள் மதியம் கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். நடுவில் மப்புப் போட்டால் புளிப்பு ஏறும், நிறம் மங்கும். நனைந்தால் கதை முடிந்தது.

போன வருஷம் இதே வாரத்தில் அது நடந்தது. ராத்திரி பதினொரு மணி மழை. எழுந்து ஓடுவதற்குள் மொத்தமும் திரும்பக் கூழானது. மறுநாள் மாட்டுத்தொட்டியில் போட்டபோது அவர் யாரிடமும் பேசவில்லை. இந்த வருஷம் மகளுக்குக் கல்லூரியில் முதல் வருஷம். வடாம் காசை நம்பித்தான் ஃபீஸுக்குத் தேதி சொல்லியிருந்தார்கள். கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவர் கல்யாண ஆர்டருக்காக 30 கிலோ கேட்டிருந்தார், வெள்ளிக்கிழமைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகள் செல்போனில் அந்த வாரத்து வானிலை அறிக்கையைப் படித்துக் காட்டினாள். 'மேற்குத் திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக' என்று ஆரம்பித்தது. செவ்வாய் வரை ஓரிரு இடங்களில் லேசான மழை. புதன், வியாழன் டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு.

"ஓரிரு இடம்னா எந்த இடம்? அதச் சொல்ல மாட்டாங்களா?" என்றார் அம்மா.

கேட்கவேண்டிய கேள்விதான். மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கிறது. ஒரு பகுதியில் 100 மழைமானி நிலையங்கள் இருந்தால், 25 வரை மழை பதிவாகும் என்பது 'ஓரிரு இடங்கள்'. பாதி வரை என்றால் 'ஒரு சில இடங்கள்'. முக்கால் வரை 'பல இடங்கள்'. அதற்கு மேல் 'பெரும்பாலான இடங்கள்'. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. லேசான மழை என்றால் 2.5-லிருந்து 15.5 மில்லிமீட்டர் வரை.

"அவங்களுக்கு லேசு. என் மாடிக்கு ரெண்டு மில்லிமீட்டரே போதும்" என்றார் அம்மா.

அந்த ஒரு வார்த்தையில் விஷயம் இருக்கிறது. அறிக்கை எல்லோருக்கும் பொது. அதை அவரவர் வீட்டுக்குப் பெயர்த்துக்கொள்வது அவரவர் வேலை. நாலில் ஒரு பங்கு என்பது குடை எடுத்துப் போகிறவருக்குச் சின்ன எண். மூன்று நாள் காயவேண்டிய கூழுக்கு அது பெரிய எண்.

கணவருக்கும் அப்படித்தான். மழை வேண்டும் என்று நின்றவர், 'கனமழை' என்றதும் யோசித்தார். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் முளைகட்டி, மறுநாள் தெளிக்க வேண்டும். தெளித்த ராத்திரியே அடைமழை பிடித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். முளைகட்டிய நெல் காத்திருக்கவும் செய்யாது. அவருக்கு வேண்டியது தெளிப்பதற்கு முந்தைய மழை. தெளித்த பிறகு வரும் மழை அல்ல.

"நெல்லை வியாழக்கிழமை ஊறப்போட்டுக்கலாம். மழை பேஞ்சு ஓஞ்சதும் தெளிக்கலாம்" என்றார்.

"அப்ப நாளைக்கு எனக்கு ஆள் வேணும்ங்க. நீங்களும் அச்சைப் பிடிக்கணும்" என்றார் மனைவி.

திட்டம் இதுதான். திங்கள், செவ்வாய், புதன் என்று பத்துப் பத்துக் கிலோவாகப் பிழிய இருந்ததை மாற்றி, திங்கட்கிழமையே பதினைந்து கிலோ. பக்கத்து வீட்டு அக்காவின் மாடியையும் கேட்டு வாங்கினார்கள். மீதி பதினைந்துக்கு மாவை டின்னில் மூடிவைத்துவிட்டு, கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை பாதிதான் வரும். மீதி அடுத்த வாரம். நனைஞ்சதக் காயவச்சு உங்க தலையில கட்ட எனக்கு மனசு வராது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரிம்மா. அந்தப் பாதி தவறக் கூடாது" என்று குரல் வந்தது.

புதன்கிழமை மதியம் பதினைந்து கிலோவும் கலகலவென்று டின்னுக்குள் போயின. அன்று மழை இல்லை. பொட்டு மேகம்கூட இல்லை. "நேத்தும் பிழிஞ்சிருக்கலாம்ல?" என்று கணவர் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அடிக்கிற வெயிலை வீணாக்கியது போல் அவருக்கும் இருந்தது.

வியாழன் சாயங்காலம் வடமேற்கில் கருத்தது. ஏழு மணிக்குப் புழுதி வாசனை, எட்டு மணிக்கு மழை. முக்கால் மணி நேரம் நல்ல மழை. நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவருடைய தங்கை வீட்டில் ஒரு தூறல்கூட இல்லை என்று போனில் சொன்னார்கள். மகள் சிரித்தாள். "அம்மா, ஓரிரு இடம் எதுன்னு கேட்டியே. நம்ம இடம்தான்."

கணக்குப் பார்த்தால் அறிக்கை ஒரு நாள் பிந்தித்தான் பலித்தது. செவ்வாய்க்கிழமை பிழிந்திருந்தால் அதுவும் ஏறக்குறையத் தப்பியிருக்கும். புதன்கிழமை பிழிந்திருந்தால் ஈரத்தோடு மாட்டியிருக்கும். எது நடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாது. எது நடந்தாலும் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. போன வருஷம் போனது மொத்த மாவும். இந்த வருஷம் போனது ஒரு நாள் வெயில்.

ஊறிய நெல் சாக்கு அறையில் கிடந்தது. கணவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலைப் பார்க்கக் கிளம்பினார்.

"மின்னல் அடங்கட்டும், அப்புறம் போங்க" என்றார் அவர். டின் மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைப் பஸ்ஸுக்குப் பையைத் தேட ஆரம்பித்தார்.