பழைய பிடில்

சில வீடுகளில், அலமாரியின் மேல்தட்டில் பழைய பிடில் ஒன்று பெட்டிக்குள் உறங்கிக் கிடப்பதுண்டு. அதை வாசித்த பெரியவர் மறைந்திருப்பார், தந்திகள் அறுந்திருக்கும், வில்லின் மயிர் உதிர்ந்திருக்கும். அதனைப் பழுது பார்ப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்னும் வினா ஒருநாள் எழுந்தே தீரும். விடை காண்பதற்கு முன், அக்கருவி எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

பலரும் முதலில் நோக்குவது, மேற்பலகைத் துளையின் வழியே உள்ளே தெரியும் சீட்டைத்தான். அதில் 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்னும் பெயரைக் கண்டதும் புதையல் கிடைத்ததாக மகிழ்வர். இத்தாலியின் கிரமோனா நகரில் வாழ்ந்து 1737-இல் மறைந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650 கருவிகளே. ஆனால், செருமனியின் மார்க்நொய்கிர்சன், பிரான்சின் மிர்கூர் முதலிய ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெருந்தொகையாகச் செய்த பிடில்களிலும் அவர் பெயரைத் தாங்கிய சீட்டுகளை ஒட்டினர். சீட்டில் ஆங்கிலத்தில் 'செருமனி' என்றும் இருப்பின், அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது எனலாம். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என அமெரிக்கா 1890-இல் இயற்றிய சட்டத்தின் விளைவு அது.

சீட்டைவிட மரமே மெய் பேசும். மேற்பலகை ஸ்புரூஸ், பின்பலகை மேப்பிள், விரற்பலகை கருங்காலி என்பது மரபு. விளிம்பை ஒட்டி ஓடும் கரிய கோடு மரத்தில் குடைந்து பதித்ததாயின் கைவேலையில் கருத்துச் செலுத்தியுள்ளனர் எனலாம். வெறும் மையால் வரைந்ததாயின் அது மலிவான கருவியே. தேய்மானமும் கதை சொல்லும். கருநாடக இசை வாணர் தரையில் அமர்ந்து, பிடிலின் சுருள்தலையைக் காலின்மேல் ஊன்றி வாசிப்பவர் அல்லரோ?

இனிப் பழுதை நோக்குவோம். பிடிலின் பலகைகளை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தால் ஒட்டுவர். வெப்பமும் ஈரமும் மிக்க மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அப்பசை இளகி, ஓரங்கள் வாய்பிளத்தல் இயல்பு. அது குறையன்று, கருவியைச் சேதமின்றித் திறந்து செப்பனிடுவதற்கென்றே அமைந்த வழி. இதனை அறியாது, கடையில் விற்கும் வன்பசையைத் தடவுவோர் பின்வரும் வல்லுநரின் கையைக் கட்டிவிடுகின்றனர். பழைய மெருகைச் சுரண்டிப் புதிது பூசுதலும் அத்தகைய கேடே. குதிரை, பிருடை, தந்தி ஆகியவற்றை மாற்றுதல் எளிது. ஆனால், உள்ளே நிற்கும் சிறு தூணுக்கு நேராகப் பின்பலகையில் விரிசல் கண்டால் செலவு மிகும். அத்தூணை இத்தாலியர் 'உயிர்' என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர்.

செலவு கருவியின் விலையை விஞ்சும்போது செய்வது யாது? சந்தைக் கணக்கில், புதியதொன்று வாங்குவதே அறிவுடைமை. ஆயினும் அவ்வீட்டில் இசை பயிலும் பிள்ளை ஒருவர் இருப்பின், கணக்கு மாறும். வாசிப்பார் எவரும் இலராயின், ஈரம் படாமல் காத்து வைத்தலே போதும். அதுவும் ஒரு நல்ல முடிவே. சீட்டு பொய்யென்று தெளிவதால், அதனை வாசித்தவர் பெற்ற பயிற்சி பொய்யாகிவிடாது. பிடிலின் பெருமையைச் சீட்டில் தேடாமல், அது இனி யார் கையில் ஒலிக்கும் என்று எண்ணி முடிவு செய்வதே முறையாகும்.