பேரிகையில் பார்த்த ராஞ்சி மேட்ச்!

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து பாகலூர் வழியா பேரிகைக்கு பஸ் ஏறினா, ஜன்னல் சீட்டைப் பிடிச்சிடுங்க ஃப்ரெண்ட்ஸ். தக்காளி, முட்டைக்கோஸ் தோட்டம், ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில், நடுநடுவே ஆள் ஏத்திட்டுப் போற கம்பெனி பஸ்னு மாறி மாறி வரும். ஊர்ல இறங்கினா, டீக்கடையில தமிழ்ல ஆர்டர், தெலுங்குல அரட்டை, கன்னடத்துல சில்லறைச் சண்டை! கொஞ்ச தூரம் தாண்டினா கர்நாடகா. பேரிகைன்னா பெரிய முரசுன்னு அர்த்தம். ஆனா ஊர் என்னவோ ரொம்ப அமைதி!

இந்தக் கதம்பத்துல இப்போ இந்தியும் சேர்ந்தாச்சு. 2022 நவம்பர்ல மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஒரு விஷயம் சொன்னார். ஓசூர்ல வரப்போற ஐபோன் தொழிற்சாலையில 60,000 பேர் வேலை பார்ப்பாங்க, அதுல முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் சுற்றுவட்டாரப் பழங்குடிப் பெண்கள்னு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஜார்க்கண்ட் முகங்கள். பேரிகையில என் நண்பன் வீட்டு மாடியிலயும் நாலு பேர் வாடகைக்கு வந்தாங்க. நாங்க 'அக்கா'ன்னு கூப்பிட்டோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுக்கும் செல்லுபடியாகிற ஒரே வார்த்தையாச்சே!

2024 பொங்கல் லீவுக்கு அங்கே போயிருந்தேன். அந்த வாரம்தான் ராஞ்சியில பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக் தகுதிச் சுற்று. எட்டு டீம், மூணு டிக்கெட். நாலாவதா வந்தா பாரிஸ் கிடையாது, வீட்டுக்குத்தான்.

எனக்கு கிரிக்கெட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது. அக்காங்கதான் பாடம் எடுத்தாங்க. ஸ்டேடியத்துக்கே ஜெய்பால் சிங் பேருதான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ல இந்தியா முதல் ஹாக்கி தங்கம் ஜெயிச்சப்போ கேப்டன் அவர். முண்டா பழங்குடி. அவங்க ஊர்ல அவர் 'மராங் கோம்கே', அதாவது மாபெரும் தலைவர். டீம்ல இருந்த சலிமா டெடே, சங்கீதா குமாரி, பியூட்டி டுங்டுங் மூணு பேரும் சிம்டேகா மாவட்டம். நிக்கி பிரதான் குந்தி மாவட்டம். "எங்க கிராமத்துல ஹாக்கி மேட்ச் ஜெயிச்சா ஆடுதான் பரிசு. கப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆடுன்னா எல்லாரும் சாப்பிடலாம்ல!"னு சிம்டேகா அக்கா சிரிச்சாங்க.

அப்புறம் கொஞ்சம் சிரிப்பு குறைஞ்சுது. இந்திய அணி பயிற்சி முகாம் போடுறது பெங்களூரு சாய் மையத்துல. இங்கிருந்து பஸ் பிடிச்சா போயிடலாம். "அவங்க இங்க இருந்தப்போ எங்களுக்கு லீவு இல்ல. இப்போ அவங்க எங்க ஊர்ல விளையாடுறாங்க, நாங்க இங்க இருக்கோம்!"

முதல் மேட்ச்ல அமெரிக்காகிட்ட 0-1 அவுட். நியூஸிலாந்தை 3-1, இத்தாலியை 5-1னு சாத்தினதும் மாடியே அதிர்ந்துச்சு. கோல் விழுந்தா பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவாங்க. "எங்க ஊர் நகாரா!" செமி ஃபைனல்ல ஜெர்மனியோட 2-2. ஷூட் அவுட்ல 3-4. மிச்சம் ஒரே ஒரு டிக்கெட், எதிர்ல ஜப்பான்.

ஜப்பானா? 2023 நவம்பர்ல இதே ஸ்டேடியத்துல, ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல்ல 4-0னு நசுக்கின டீம்தானே! தைரியமா உட்கார்ந்தோம்.

ஜனவரி 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம். குளிருக்கு சால்வை போர்த்திட்டு, ஒரே செல்போனைச் சுத்தி ஏழு பேர். ஆறாவது நிமிஷமே பெனால்டி கார்னர்ல கானா உராடா கோல் போட்டுட்டாங்க. அப்புறம் இந்தியா முட்டுது, மோதுது, பெனால்டி கார்னரா வாங்குது... பந்து மட்டும் உள்ளே போகல. பக்கெட் கவிழ்த்து வெச்சது வெச்சபடி இருக்கு. பாதி மேட்ச்ல தெருமுனையில கம்பெனி பஸ் ஹாரன். நைட் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டிய சிம்டேகா அக்கா, ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டிட்டு, மொபைலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே இறங்கிப் போனாங்க.

0-1. முடிஞ்சு போச்சு. டோக்கியோவுல நாலாவது வந்து உலகமே கைதட்டின டீம், ராஞ்சியிலயும் நாலாவது. ஆனா இந்தத் தடவை ஒலிம்பிக்கே கிடையாது.

நண்பனோட அம்மா கீழே இருந்து, "ஜெயிச்சாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லல. கொஞ்ச நேரத்துல அவங்களே ஒரு தட்டு களியும் கீரைக் குழம்பும் கொண்டு வந்து வெச்சுட்டு, ஒண்ணும் பேசாம உட்கார்ந்தாங்க.

மறுநாள் காலையில ஷிஃப்ட் முடிஞ்சு வந்த சிம்டேகா அக்காகிட்ட, "சாரி அக்கா"ன்னேன். "எதுக்கு சாரி? நாலு வருஷம் கழிச்சு திரும்ப ஒலிம்பிக் வரும்ல"ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டாங்க. செமஸ்டர்ல ஒரு அரியர் விழுந்ததுக்கே ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்த ஆளு நான். வெட்கமா போச்சு!

அதே வருஷம் மே மாசம் சலிமா டெடே இந்தியக் கேப்டன் ஆனாங்க. நவம்பர் 20, பீகார் ராஜ்கிர்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல். சீனாவை 1-0னு ஜெயிச்சாச்சு. ராத்திரி நண்பனுக்கு போன் போட்டேன். அவன் குரலே கேட்கல. பின்னாடி பக்கெட் சத்தம்தான்... டம டம டம!

பேரிகைன்னு சும்மாவா பேர் வெச்சாங்க?