புதன்கிழமை ஆய்வுகூடம்

எம்மவர் மத்தியில் பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது என்றால் "டொக்டருக்கோ, என்ஜினியருக்கோ?" என்ற கேள்விதான் முதலில் வரும். எங்கள் மகள் மருந்தியல் படிக்கிறாள் என்று சொன்னபோது, "அப்ப பாமசி திறக்கப் போறாவோ?" என்று கேட்டவர்களே அதிகம். இங்கிலாந்தில் இவை இரண்டும் வேறு. மருந்தாளராவதற்கு நான்கு ஆண்டுப் பட்டமும், அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும், பதிவும் வேண்டும். மருந்தியல் பெரும்பாலும் மூன்றாண்டு விஞ்ஞானப் பட்டம். ஒரு மருந்து உடலில் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு செய்கிறது என்று அளந்து அறியும் படிப்பு அது. புதிதாக வந்த குடும்பங்கள் விண்ணப்பம் நிரப்புமுன் இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வது நல்லது.

அளப்பதைப் புத்தகத்தில் மட்டும் படிக்க முடியாது. மகள் எங்களுக்குச் சொன்ன ஒரு பரிசோதனை இது. கினிப்பன்றியின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை இளஞ்சூடான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அசற்றைல்கோலினைச் சேர்த்தால் அது சுருங்கும். செறிவைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு சுருக்கத்தையும் அளந்து, செறிவின் மடக்கைக்கு எதிராக வரைபு கீறினால் சாய்ந்த 'எஸ்' எழுத்துப் போன்ற கோடு வரும். பிறகு அற்றோப்பீனைச் சேர்த்தால் அந்தக் கோடு வலப்பக்கம் நகரும். அதாவது, அதே சுருக்கத்தைப் பெற முன்னரைவிடக் கூடிய அசற்றைல்கோலின் தேவை. விலங்குகளைப் பயன்படுத்துவதைக் குறைப்பதற்காக இன்று பல இடங்களில் இதைக் கணனியிலும் செய்து பழக்குகிறார்கள்.

கரைசல் தயாரிப்பது கைப்பழக்கம். ஒரு மில்லிலீற்றர் கரைசலுடன் ஒன்பது மில்லிலீற்றர் நீர் சேர்த்தால் செறிவு பத்திலொன்றாகும். அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடியும் அப்படியே செய்ய வேண்டும். முதல் குழாயில் விட்ட பிழை கடைசிக் குழாய் வரை போகும். தரவுகளைப் பார்ப்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. ஒரே விலங்கின் தசையைப் பத்துத் தடவை அளந்துவிட்டுப் பத்து விலங்குகளை அளந்ததாகக் கணக்குக் காட்ட முடியாது. மற்றவற்றோடு ஒத்துவராத எண்ணை, பிடிக்கவில்லை என்பதற்காக அழித்துவிடவும் முடியாது.

எங்கள் வீட்டில் சிக்கல் இந்த ஆய்வுகூட நாளில்தான் வந்தது. பதினொரு வயதிலிருந்து எல்லாக் கடிதங்களையும் வாசித்துச் சொன்னவள் மகள்தான். வைத்தியசாலைக்கு அம்மம்மாவோடு போய் மொழிபெயர்ப்பவளும் அவள்தான். இரண்டாம் ஆண்டில் அம்மம்மாவின் வைத்தியசாலைத் தவணை புதன்கிழமை பிற்பகலில் விழுந்தது. அவளுடைய ஆய்வுகூட வகுப்பும் அதே நேரந்தான்.

"புத்தகத்தை நான் ராவிலை படிப்பன். அந்த மூண்டு மணித்தியாலத்தை ஆர் எனக்குத் திருப்பித் தருவினம், அம்மா?" என்று மகள் கேட்டாள்.

நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். புதன்கிழமைகளில் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை. வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம். இலவசமாகவே ஒழுங்கு செய்தார்கள். அம்மம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வேத்து ஆளுக்கு முன்னாலை என்ரை வருத்தத்தைச் சொல்லுறதோ?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

ஆனால் அன்று, பேத்தியிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அம்மம்மா வைத்தியரிடம் சொன்னார். தலைசுற்றுகிறது என்று இரத்த அழுத்தக் குளிசையைப் பல மாதங்களாகப் பாதியாக உடைத்து விழுங்கி வந்திருக்கிறார். பேத்தி பயந்து போவாள் என்று மறைத்தாராம். வைத்தியர் வேறு குளிசை எழுதிக் கொடுத்தார். மாலையில் இதைக் கேட்ட மகள் ஏசவில்லை. ஒரு தாளில் தன் வரைபைக் கீறி, "பாருங்கோ அம்மம்மா, பாதிக் குளிசை எண்டால் பாதி வேலை எண்டு இல்லை. இந்தக் கோடு நேர்கோடு இல்லை" என்று விளங்கப்படுத்தினாள். அம்மம்மா அந்தத் தாளை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

அகதியாக வந்தவர்களுக்குக் கைத்திறன் எவ்வளவு பெரிய முதல் என்பதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. வில்ஹெல்ம் ஃபெல்ட்பேர்க் என்ற அறிஞர் யூதர் என்பதால் 1933இல் பேர்லினில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, லண்டனில் ஹென்றி டேலின் ஆய்வுகூடத்துக்கு வந்தார். அட்டையின் தசைத்துண்டைக் கொண்டு மிகச் சிறிய அளவு அசற்றைல்கோலினையும் கண்டுபிடிக்கும் முறையை அவர் கையோடு கொண்டு வந்தார். டேல் குழுவினரின் ஆய்வுகளுக்கு அது பெரிதும் உதவியது. 1936இல் டேலும் ஒட்டோ லோவியும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்கள். அந்த லோவியும் 1938இல் ஒஸ்ரியாவை விட்டு வெளியேற நேர்ந்தது.

எனவே பெற்றோரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பிள்ளையின் நேரசூசியை வாங்கிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். ஆய்வுகூட நாளில் கடைவேலையும் வேண்டாம், கடிதம் வாசிக்கும் வேலையும் வேண்டாம். வைத்தியசாலைக் கடிதம் வந்த அன்றே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளை வீடு வந்ததும், "இண்டைக்கு என்ன அளந்தனீ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. சொல்லச் சொல்ல அவர்களுக்கும் தெளியும், எமக்கும் கொஞ்சம் தெளியும்.